வெட்டி நீக்கும் நொதியும் வடக்குச் சுவர்ப் பெஞ்சும்

1. கதை தோன்றிய வரலாறு

இக்கதை ஒரு கேள்வியிலிருந்து தோன்றியது. 1969ஆம் ஆண்டு ஆனி மாதம், அன்னவாசலை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அறையில், சொர்ணவல்லியின் மகளை வகுப்பில் சேர்க்கக் கூடாது என்று சொல்ல வந்த தேநீர்க்கடை பெரியகருப்பன் அக்கேள்வியைக் கேட்டார்.

"ஏத்தா சொர்ணவல்லி, ஒம் மக மொகத்துல இருக்கிற புள்ளி ஒட்டுவாரொட்டி இல்லைங்கிற. எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கு? காட்டு, பாப்பம்."

"இங்கிலீசுல போட்டிருக்குண்ணே."

"இங்கிலீசுல என்னத்தைத்தான் போடலை!"

"தமிழ்ல இல்லைன்னா நான் எழுதிக் கொண்டாரேன். படிக்க முடியலைன்னா வாசிச்சும் காட்டுறேன்."

தலைமையாசிரியர் ஆத்மநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எழுதிக் கொண்டாங்கம்மா. வெள்ளிக்கெழமை பெற்றோர் கூட்டத்துல நானே வாசிக்கிறேன். எல்லாரும் ஒத்துக்கிட்டா ஒங்க பொண்ணு திங்கக்கெழமையே வரட்டும்" என்றார்.

ஆகவே இதை எழுதுபவள் சொர்ணவல்லி. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடித் தகடுகளைக் கழுவிவைப்பது அவளது பணி. முப்பத்து நான்காம் வயதில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். (முதல் முயற்சியிலேயே என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.) பாடநூல்களில் 'நான்' என்னும் சொல் இடம்பெறுவதில்லை. உரையாடல் நீங்கலாக, இதிலும் இடம்பெறாது.

2. தொடக்கங்கள்

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் வெயிலே படாத ஓர் இளவரசி…"

(கைவிடப்பட்டது. சொர்ணவல்லியின் மகள் அமிர்தவல்லி இளவரசி அல்லள். எட்டு வயதுடையவள், மூன்றாம் வகுப்பு, ஏழாம் வாய்பாட்டில் மட்டும் தடுமாறுவாள்.)

இரண்டாம் தொடக்கம்: "முற்பிறவியில் செய்த…"

(இது கடைத்தெரு வாக்கியம். பேனாவுக்குள் எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை. கைவிடப்பட்டது.)

மூன்றாம் தொடக்கம்: "உயிரணு என்பது". இது நிலைக்கும்.

3. நொதியின் பணிகள்

உயிரணு என்பது உடலின் மிகச் சிறிய அலகு ஆகும். அதன் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழை உள்ளது. உடலைக் கட்டுவதற்கான குறிப்புகள் யாவும் அதில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. அவ்விழையை வெட்டும் நொதிகள் பல. உணவில் வரும் இழையைக் குடலில் நறுக்குபவை சில. பாக்டீரியாவுக்குள் புகுந்த வைரசின் இழையைத் துண்டாக்கி, பாக்டீரியாவைக் காப்பவை சில. இக்கதைக்கு உரியவை பழுது நீக்குபவை.

வெயில் தோலில் படும்போது இழையின் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுதாகின்றன. இது நாள்தோறும் எல்லோருக்கும் நிகழ்கிறது. பெரியகருப்பன் அண்ணனுக்கும் நிகழ்கிறது. உடனே நொதிகள் பழுதான துண்டை வெட்டி நீக்குகின்றன. பிறகு எதிர் இழையைப் பார்த்துப் புதுத் துண்டு சேர்க்கப்படுகிறது. எடுத்துக்காட்டு: கிழிந்த சாக்கில் நைந்த பகுதியைக் கத்தரித்த பிறகே ஒட்டுப் போடுகிறோம். நைந்ததன் மேலேயே தைத்தால் தையல் நிற்பதில்லை.

அமிர்தவல்லியின் உடலில் அந்த வெட்டு சரிவர நிகழ்வதில்லை.* பழுதின்மேல் பழுது சேர்கிறது. அதுவே முகத்தில் கரும்புள்ளியாகத் தெரிகிறது.

(* நோயை உறுதிசெய்தவர் மதுரைத் தோல் மருத்துவர். காரணத்தைச் சென்ற ஆண்டின் அயல்நாட்டு ஆய்விதழிலிருந்து விளக்கியவர் விலங்கியல் ஆசிரியர் ரெங்கராஜ். "பிறவியிலேயே வந்ததும்மா. தாய் தகப்பன் ரெண்டு பேரு வழியாவும் வந்தாத்தான் வரும். தொட்டா ஒட்டாது." மும்முறை கேட்டு எழுதிக்கொள்ளப்பட்டது. மூன்றாம் முறை அவர் சற்றுச் சலித்துக்கொண்டார்.)

4. ஐயத்திற்குரிய பாத்திரம்

இக்கதையில் நம்பத்தகாத பாத்திரம் ஒன்று உண்டு. அது பெரியகருப்பன் அன்று, சொர்ணவல்லி. அவளைப் பற்றிய ஒரு வாக்கியம் நான்கு முறை எழுதப்பட்டு, நான்கு முறையும் அடிக்கப்பட்டது. அது வருமாறு:

"பிறந்தது முதல் குழந்தைக்கு எண்ணெய் பூசி, முற்றத்து வெயிலில் நாள்தோறும்…"

நம் ஊரில் எந்தத் தாய் இதைச் செய்வதில்லை? இரண்டாம் வயதில் புள்ளிகள் தோன்றின. தேமல் என்று எண்ணிய சொர்ணவல்லி, வெயிலில் கிடத்தும் நேரத்தை இன்னும் அரை மணி கூட்டினாள். குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டு வீறிட்டது. "செத்த நேரந்தான்டி, தோலு தெளிஞ்சிரும்" என்று கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

இதைக் கூட்டத்தில் வாசித்தால், "பெத்தவளே போட்டு வாட்டியிருக்கா" என்பார்கள். ஆகவே வெட்டி நீக்குவதே முறை எனத் தோன்றியது. ஆனால் வெட்டிய பின் மூன்றாம் பகுதி நிற்கவில்லை. அறியாமல் வெயில் காட்டியதால்தான் நோய் முற்றியது. ஒருவரிடமிருந்தும் அது ஒட்டவில்லை. அதற்குச் சான்று அந்த முற்றம் ஒன்றே. மேலும், கூட்டத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களில் ஒருத்தியின் குழந்தைக்கும் நாளை இப்படிப் புள்ளி வரலாம். அவளும் இதையே செய்வாள்.

நொதி, வெட்கம் தரும் துண்டை வெட்டுவதில்லை. பழுதான துண்டையே வெட்டுகிறது. இந்த வாக்கியத்தில் பழுது இல்லை; அதை அடித்த கையில்தான் இருந்தது. வாக்கியம் நிற்கட்டும். பாடநூல் விதி இவ்வொரு முறை மீறப்படுகிறது:

நான்தான் கிடத்தினேன்.

5. முடிவுகள்

எழுதிய வரை அமிர்தவல்லிக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கதவு சாத்திய அறையில், சாக்கின்மேல் கால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, முடிவுல என்னைய வெயில்ல ஓட விடேன். கதைதானே?"

முடிவு அ: "சென்னையிலிருந்து ஒரு மருந்து வந்தது. அமிர்தவல்லி கண்மாய்க்கரை முழுவதும் ஓடினாள், நண்பகலில், தலையில் துணிகூட இல்லாமல்…"

ஒரு நாள் முழுவதும் அது தாளில் இருந்தது. பிறகு அடிக்கப்பட்டது.

"ஏன்த்தா அடிச்ச?"

"நம்பிருவாங்கடி. நம்பி ஒன்னைய மைதானத்துல நிறுத்திருவாங்க."

முடிவு ஆ: "அவள் வீட்டிலிருந்தே படித்து…"

"ஐய, அது வேணாம்! அப்ப பெஞ்சுல ஒக்கார விடு. அழகி பக்கத்துல."

"அழகியோட அப்பாதான் வேணாங்கிறாரு."

"அழகி வேணாங்கலையே?"

(அழகி, பெரியகருப்பனின் மகள். சென்ற ஆண்டு வரை இருவரும் ஒரே பெஞ்சு. ஏழாம் வாய்பாட்டைக் காதில் சொல்லிக்கொடுப்பவள் அவளே.)

இனி, முடிவுக்குத் தேவையான ஏற்பாடுகள். அமிர்தவல்லி சூரியன் எழுமுன் முழுக்கைச் சட்டையுடன் பள்ளிக்கு வந்துவிடுவாள். சூரியன் மறைந்த பின்னரே திரும்புவாள். வடக்குச் சுவர்ச் சன்னலுக்குச் சாக்குத் திரை தைத்தாயிற்று. நைந்த இடங்களை வெட்டிவிட்டே தைக்கப்பட்டது. எஞ்சியிருப்பது ஒரு வாக்கியம் மட்டுமே. அதை எழுதும் உரிமை இக்கதையை எழுதுபவளுக்கு இல்லை.

தலைமையாசிரியர் இவ்விடத்தில் வாசிப்பதை நிறுத்தி, இத்தாளையும் உடன் வைத்துள்ள பென்சிலையும் பெரியகருப்பன் அண்ணனிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அண்ணன் கண்ணாடி கொண்டுவர மறந்திருந்தால், அழகி எழுதித் தருவாள். நிரப்பப்படாமல் திரும்பினால், அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே தாள் வரும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரும்.

"திங்கட்கிழமை காலை, வடக்குச் சுவரோரப் பெஞ்சில், அமிர்தவல்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ____________."