கணக்கில் வராத இருநூற்று முப்பத்தேழு பேர்

பன்னிரண்டு நிமிடம் எடுத்த அறிக்கையை இரண்டே நொடியில் வரவைத்துவிட்டாள் என்று ஒரு வாரமாக அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். முதலில் ஆடியவர் மேலாளர். எதைக் கேட்டாலும் "நேத்தே வேணும்" என்பதால் தொழிற்சாலையில் அவருக்கு அவசரம் என்று பெயர். அவளுக்கும் பட்டப்பெயர் உண்டு. மாடியில் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து நாளெல்லாம் தரவுத்தள அட்டவணைகளை மேய்க்கிறவள் என்பதால் அட்டவணையக்கா.

அறைக்கு நேர் கீழே பிரஸ் பிரிவு. இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே குத்தில் வடிவமாக்கித் தள்ளும் மெஷின்கள். ஒவ்வொரு குத்துக்கும் அவள் மேஜைமேல் தம்ளரில் தண்ணீர் நடுங்கும். இருபது வருடமாக, கம்பெனியின் எல்லாக் கிளைகளிலும், அந்த மெஷின்களில் அடிபட்டவர்களின் பதிவேடு அவள் பொறுப்பில் இருந்தது. கீறலோ முறிவோ, ஆளுக்கு ஒரு வரி. வரிக்கு வரி டாக்டர் சீட்டும் எக்ஸ்ரே படமும் ஏற்றி அட்டவணை ஊதிப் போயிருந்தது. சர்வரும் அரதப் பழசு.

அறிக்கை கேட்பது இரண்டே விஷயம். மொத்தம் எத்தனை விபத்து? அடிபட்டவர் வேலைக்குத் திரும்பச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது? வியாழக்கிழமை பாதுகாப்பு அதிகாரி வருகிறார். சராசரி பதினைந்து நாளைத் தாண்டினால், எல்லா பிரஸ்ஸிலும், கை உள்ளே போகாமல் மறிக்கும் கைத்தடுப்பு மாட்டும் வரை மெஷினை ஓட்டக்கூடாது என்பது சட்டம்.

"பன்னெண்டு நிமிஷம் அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நான் என்னத்தைப் பேசறது? தட்டினா வந்து நிக்கணும்" என்றார் அவசரம். அவளும் தட்டினால் வந்து நிற்கும்படி செய்து கொடுத்தாள். அவர் அதில் ஒரு பிரதியை அன்றைக்கே அதிகாரிக்கு அனுப்பியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அண்ணன் சமையலறையில் இடது கையால் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் பாக்கி. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாலாவது பிரஸ் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது அதுதான். அவன் இடத்தில் இப்போது அண்ணி நிற்கிறாள், அதே மெஷினில், தற்காலிக வேலையாக. கை போனவனுக்கு வேலை கிடையாது, அவன் பெண்டாட்டிக்கு உண்டு. இதற்குக் கருணை வேலை என்று வாய் கூசாமல் பெயர் வைத்திருந்தார்கள், படுபாவிகள்.

"பன்னெண்டு நிமிஷத்தை ரெண்டு செகண்டா ஆக்கிட்டேன் அண்ணே" என்றாள் அவள்.

அண்ணன் தட்டைக் கவிழ்த்து வைத்தான். "எதைக் கழட்டினே?"

"என்னது?"

"அவ்வளவு வேகமா ஓடுதுன்னா எதையாவது கழட்டியிருப்பேல்ல? எங்க மெஷின் மணிக்கு அறுநூறு பீஸ் போட்டுக்கிட்டிருந்தது. தொள்ளாயிரம் வேணும்னு தடுப்பைக் கழட்டினாங்க. தொள்ளாயிரம் வந்துச்சு." கட்டைவிரலை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். "நீ என்னத்தைக் கழட்டினே?"

"நான் ஒண்ணும் கழட்டலே" என்றாள். ஆனால் அந்தக் கேள்வி அவளைச் சும்மா விடவில்லை.

திங்கட்கிழமை வந்ததும் வராததுமாகப் அறிக்கைக்காகத் தரவுத்தளத்திடம் கேட்கும் பழைய கேள்வியையும் புதிய கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினாள். பன்னிரண்டு நிமிடம் நகத்தைக் கடித்தாள். சராசரி இரண்டிலும் பதினொன்று. போன வாரம் அவள் சரிபார்த்தது அதை மட்டும்தான். இப்போது மொத்தத்தையும் பார்த்தாள். பழைய அறிக்கையில் 41,212. புதியதில் 40,975. இருநூற்று முப்பத்தேழு பேரைக் காணோம்.

எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தான் செய்த வேலை தனக்குத் தெரியாதா? பதிவேட்டில் 'திரும்ப எடுத்த நாட்கள்' என்று ஒரு கட்டம். ஆள் வேலைக்கு வந்த அன்று குமாஸ்தா அதில் எண்ணைப் போடுவார். வராதவனுக்கு என்ன போடுவது? ஒன்றும் போடுவதில்லை, கட்டம் வெற்றாகவே கிடக்கும். பூஜ்யம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. அந்தக் கட்டத்துக்கு ஓர் இன்டெக்ஸ் இருந்தது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியல் இருக்குமே, அந்த மாதிரி. அவர்கள் தரவுத்தளத்தில், எண் இருக்கிற வரிக்குத்தான் பட்டியலில் இடம் உண்டு. கட்டம் வெற்றாக இருந்தால் அந்த ஆளுக்குப் பட்டியலில் இடமே கிடையாது.

இது தரவுத்தளத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் 'மொத்தம் எத்தனை வரி' என்று கேட்டபோதெல்லாம் அது பட்டியலை நம்பாமல், நாற்பத்தோராயிரம் வரியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னது. யாரையும் விட்டுவிடக் கூடாதென்றுதான் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதைத்தான் இவள் மந்தம் என்று திட்டினாள். கேள்வியை 'எத்தனை எண் இருக்கிறது' என்று லேசாகத் திருப்பி வைத்தாள். அதற்குப் பட்டியலே போதும். இரண்டு நொடி. சராசரி எப்போதுமே வெற்றுக் கட்டங்களைத் தாண்டித்தான் போகும், ஆகையால் அதில் மாற்றம் தெரியவில்லை.

அந்த இருநூற்று முப்பத்தேழில் அண்ணன் இருந்தான். அட, இத்தனை நாள் பழைய அறிக்கையிலும் அவன் சராசரிக்குள் இல்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு நாளில் திரும்பியவன் கணக்கில் உண்டு. திரும்பவே முடியாதவன் கிடையாது. அடி எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது சராசரிக்கு. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை அவசரத்தின் அறையில் போய் நின்றாள். "சார், அறிக்கையில இருநூத்தி முப்பத்தேழு பேர் விட்டுப் போயிருக்காங்க. என் தப்புதான். வேலைக்குத் திரும்பாதவங்க எல்லாரும் கணக்குலேருந்து போயிட்டாங்க."

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மொத்தம் இடிக்குதா? அப்ப அந்தக் காலிக் கட்டத்துல எல்லாம் பூஜ்யத்தைப் போட்டு விடுங்க. காலியாவே விடக்கூடாதுன்னு ஒரு விதியும் போட்டுருங்க. வேகமும் இருக்கும், மொத்தமும் சரியாயிடும்."

அவருக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது. அது அவளை இன்னும் சுட்டது.

"பூஜ்யம்னா அடிபட்ட அன்னைக்கே திரும்பி வந்துட்டாங்கன்னு அர்த்தம் சார்."

"வேலைக்கே வராதவனுக்கு லீவு ஏது? பூஜ்யம்தானே?"

"எழுதிக் குடுங்க சார்."

"என்ன எழுதி?"

"இந்த இருநூத்தி முப்பத்தேழு பேருக்கும் பூஜ்யம் போடுன்னு எழுதி, கீழே கையெழுத்து போட்டுக் குடுங்க. போட்டுடறேன்."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "உங்க அண்ணி இன்னும் பர்மனென்ட் ஆகலைல்ல? அது ஞாபகம் இருக்கட்டும். நாளான்னைக்குத் தட்டினா வரணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் படியிறங்கி நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். அண்ணி மூலையில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "நான் பேசினா உங்க வேலை போயிடும் அண்ணி" என்றாள்.

அண்ணி இரண்டு கையையும் விரித்து மேஜைமேல் வைத்தாள். பத்து விரலும் எண்ணெய்க் கறை. "நான் பர்மனென்ட் ஆகறது இருக்கட்டும். முதல்ல இதுங்க பர்மனென்ட்டா இருக்கட்டும். தினமும் ஷிஃப்ட் முடிஞ்சதும் எண்ணிப் பார்த்துட்டுத்தான் கை கழுவறேன், தெரியுமா உனக்கு? நாத்தனார்னா குத்தம் கண்டுபிடிக்கணும். என்கிட்ட இத்தனை வருஷம் கண்டுபிடிச்சது போதும், போய் அந்த ஆளுகிட்ட கண்டுபிடி."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

பழைய கேள்வியை அப்படியே திரும்ப வைத்தால் என்ன ஆகும்? பன்னிரண்டு நிமிடத்தைச் சாக்கு வைத்து, அவசரம் அறிக்கையைத் திறக்காமலே 'பதினொன்று' என்று வாயால் சொல்லி அதிகாரியை அனுப்பிவிடுவார். அந்தச் சாக்கு இருக்கக் கூடாது. வேகமும் வேண்டும், ஒரு ஆளும் விடுபடக் கூடாது.

புதன்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் பார்த்தால் வேலை ஒரே ஒரு வரிதான். பழைய பட்டியலைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினாள். அதில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று என்ற எண்ணைச் சேர்த்தாள். தனியாக வெற்றாக நின்றவனைச் சேர்க்காத பட்டியல், துணைக்கு ஓர் எண் நின்றதும் அவனையும் உள்ளே விட்டது. பதிவேட்டில் ஒரு கட்டத்தைக்கூட அவள் மாற்றவில்லை. 'மொத்தம் எத்தனை வரி' என்ற பழைய கேள்வியையே கேட்டாள். இரண்டு நொடி. 41,212.

அதோடு விட்டாளா? அறிக்கையில் இரண்டு வரி கூட்டினாள். திரும்பாதவர்கள்: 237. அவர்களுக்கு இன்று வரையிலான நாட்களையும் சேர்த்தால் சராசரி: 28. பிறகு அவசரத்துக்குக் கடிதம் அனுப்பினாள். 'அறிக்கை இரண்டு நொடியில் வருகிறது' என்பது முதல் வரி. யாரைச் சேர்த்திருக்கிறாள், ஏன் சேர்த்தாள் என்பதெல்லாம் அடுத்தடுத்த வரிகளில். பதில் உடனே வந்தது: 'சூப்பர்.' மனிதர் முதல் வரியைத் தாண்டவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

வியாழன் பதினோரு மணி. கூட்ட அறையில் பெரிய திரை. அதிகாரி வெள்ளை முடியும் தடிக் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. எதிரில் அவசரம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள அவள் ஓரத்தில் நின்றாள். தரை வழியாகப் பிரஸ்களின் குத்து காலில் ஏறிக்கொண்டிருந்தது.

"தட்டினா வந்துரும் மேடம்" என்று அவசரம் தானே தட்டினார். வந்துவிட்டது.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பதினொண்ணுன்னு சொன்னீங்க. இங்க இருபத்தெட்டுன்னு ஒண்ணு இருக்கே?"

அவசரத்தின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "சிஸ்டத்துல ஏதோ கோளாறு மேடம். நாளைக்கு மெயில் பண்ணிடறேன்."

"கோளாறு இல்லீங்க மேடம்" என்றாள் அவள். ஓரத்திலிருந்து முன்னால் வந்தாள். "இருநூத்தி முப்பத்தேழு பேரும் பேரோட இருக்காங்க. காட்டட்டுமா?"

காட்டச் சொன்னார். நாலாவது பிரஸ்ஸில் மட்டும் பத்தொன்பது பேர். அதிகாரி ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "இதை ஏன் போன வாரம் அனுப்பின அறிக்கையில காணோம்?"

"வேகமா ஓடணும்னு கேட்டாங்க. நான்தான் கழட்டினேன் மேடம். தப்புன்னு தெரிஞ்சுது, திரும்ப மாட்டிட்டேன்." அவள் அவசரத்தைப் பார்த்தாள். "நாலாவது பிரஸ்ல தடுப்பைக் கழட்டினது யாருன்னு சாரைக் கேளுங்க. ரெண்டு வருஷமா மாட்டலே. அந்தப் பட்டியல்ல கடைசிப் பேரு எங்கண்ணன்."

"சீட்டைக் காலி பண்ணிக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார் அவசரம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதையும் எழுதிக் குடுங்க சார்."

அதிகாரி எழுந்துவிட்டார். "மெஷின் எங்க இருக்கு? போய்ப் பார்க்கலாம்."

அவள் கூடப் போகவில்லை. தன் மேஜையில் வந்து உட்கார்ந்தாள். வேலை இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தும் மனசு கனக்கவில்லை. தம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அரை மணி கழித்து நின்றது.

படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். அண்ணி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கையுறைகூடக் கழற்றவில்லை.

"எல்லா பிரஸ்ஸையும் நிறுத்திட்டாங்கடி. யாருடி நிறுத்தினது?"

"உங்க வீட்டுக்காரர்தான் அண்ணி."