பிடுங்கினால் செவிடு

அக்கா கட்டிலில் இருந்தபடி கைதட்டினாள். தட்டினால் ஓடி வரும்படி தம்பி செய்த சின்ன வண்டி, சுவரோரம் தண்ணீர் பாட்டிலைச் சுமந்தபடி அசையாமல் நின்றது.

"உன் பிள்ளைக்குக் காது கேக்கலைடா."

தம்பி வண்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். பேட்டரிகளைக் கழற்றினான். மடிக்கணினியிலிருந்து ஒரு வயரை மைக்கின் ஒலியைப் பெருக்கும் சர்க்யூட் பலகைக்கும், இன்னொன்றைச் சக்கரங்களை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் செருகினான்.

"இப்பத் தட்டுக்கா."

தட்டினாள். திரையில் கோடு துள்ளியது. சக்கரங்கள் காற்றில் சுழன்றன.

வயர்களைப் பிடுங்கி, பேட்டரிகளை மாட்டி, தரையில் விட்டான். செவிடு.

காலையிலிருந்து இதே கூத்து. மைக்கை மாற்றிப் பார்த்தாயிற்று. பெருக்கத்தைக் கூட்டியாயிற்று, குறைத்தாயிற்று. தவறைப் பார்க்கத் திரை வேண்டும்; திரையோடு இணைத்தால் தவறே இல்லை.

நாளை அவன் வேலைக்குத் திரும்ப வேண்டும். மாவுக்கட்டுக் காலோடு அக்கா பகலெல்லாம் தனி. வண்டி வராவிட்டால் நாத்தனார் வந்து அழைத்துப் போய்விடுவாள்.

போன் அடித்தது. "கிளம்பிட்டேன் அண்ணி. பையைக் கட்டி வைங்க."

அக்கா போனை வைத்தாள். "நாள் முழுக்க புத்தி சொல்லுவாடா. இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஓடக்கூட முடியாது."

"கொஞ்சம் சும்மா இருக்கா."

"இத்தனூண்டு வண்டிக்கு எதுக்கு ரெண்டு பேட்டரி?"

"மோட்டார் இரைச்சல் மைக்குக்கு வந்துடக் கூடாதுல்ல? தனிக்குடித்தனம் வெச்சுட்டேன். நடுவுல சிக்னல் வயர் ஒண்ணுதான், வேற எதுவும் ஒட்டாது."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றான். ஒரே வயர். போன மின்சாரம் திரும்ப வழியில்லை. மின்சாரம் திரும்பி வரும் முனையான கிரவுண்ட், இரண்டு பலகைகளிலும் இருந்தது; அவை மடிக்கணினிக்குள் மட்டுமே சந்தித்துக்கொண்டிருந்தன. தரைக்கு வந்ததும் ஒன்றுக்கொன்று முகமே தெரியாது.

ஒரு துண்டு வயரால் இரண்டு கிரவுண்டையும் சேர்த்துப் பற்றவைத்தான்.

அக்கா தட்டினாள். வண்டி வந்தது. கட்டில் காலில் முட்டி நின்றது, பின்வாங்கியது, யாரும் தட்டாமலே மறுபடி வந்து முட்டியது.

"இப்ப எதுக்குடா வருது?"

"தெரியலக்கா. அதோட மோட்டார் சத்தமே அதுக்குக் கைதட்டலாக் கேக்குது போல." தலையைச் சொறிந்தான். "எதைப் பிரிக்கணும், எதைச் சேக்கணும்னே புரியல."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். வண்டி மூன்றாம் முறை முட்டியது.

அக்கா குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

"வருதுல்ல? அது போதும். கதவைத் திற, அவகிட்ட நான் பேசிக்கறேன்."