உரிமையாளரிடம்தான் பேசுவோம்

அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி வீட்டு வாசலில் 'பாலா இன்ஃபோடெக்' என்று நீலப் பலகை ஒன்று தொங்கியது. கம்பெனியின் உரிமையாளர் பாலாம்பாள். நிர்வாக இயக்குநரும் அவளேதான். அந்த நிர்வாக இயக்குநர் மாடியில் இருந்த ஆபீஸ் அறைக்குள் போவது காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, இரண்டு தடவையும் கையில் காபி டம்ளரோடு. மற்றபடி கம்பெனியை நடத்தியது அவளுடைய வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன். அவர் மாநில அரசாங்கத்தில் ஏதோ ஒரு துறையில் கண்காணிப்பாளர். அரசாங்க ஊழியர் தன் பெயரில் தொழில் நடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. ஸ்ரீரங்கனுக்கு விதி என்றால் அவ்வளவு மரியாதை. அதனால் தன் பெயரில் ஒரு துரும்பைக்கூட வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பெண்டாட்டி பெயரில் வைத்தார்.

அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார். யாராவது வந்து விசாரித்தால் சொல்ல வேண்டிய வசனம். "அவருக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கவர்மென்ட் சர்வன்ட்." கம்பெனி ஆரம்பித்த புதிதில் இரண்டு நாள் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். குரல் நடுங்கக் கூடாது, தலையைக் குனியக் கூடாது, கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு இதைக்கூடவா பாடமாக்கத் தெரியாது? ஆக்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் யாரும் வந்து விசாரிக்கவில்லை என்பதுதான் பாவம்.

நிர்வாக இயக்குநரால் இன்னொரு உபயோகமும் இருந்தது. வாடிக்கையாளர்களான கல்லூரிக்காரர்கள் எதையாவது சீக்கிரம் முடித்துக் கொடு என்று நெருக்கினால், "எங்க எம்.டி.யைக் கேக்கணும் சார், எம்.டி. இப்ப பிஸி" என்று ஸ்ரீரங்கன் போனை வைத்துவிடுவார். எம்.டி. அந்நேரம் கீழே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். அது வேறு விஷயம்.

கல்லூரிகளுக்கு மாணவர் வருகை, மார்க் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதுதான் தொழில். 2009-ல் எவரோ சொன்னதைக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் 'க்ளவுட்'டுக்கு மாற்றினார். அதாவது கம்ப்யூட்டர் நம்மிடம் இருக்காது, வாடகைக்கு எங்கேயோ ஓடும், நாம் இங்கிருந்து பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் வேலை பார்க்கலாம். இதை மாற்றியமைத்தவன் கம்பெனியின் ஒரே இன்ஜினியர் யாசீன். ஆனால் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நம்ம டேட்டா எல்லாம் க்ளவுட்ல இருக்கு சார்" என்று மின்விசிறிப் பக்கம் கையைக் காட்டிப் பெருமைப்பட்டவர் ஸ்ரீரங்கன். அங்கே கணக்கு ஆரம்பித்த அன்று உரிமையாளர் பெயர், பிறந்த தேதி எல்லாம் திரையில் கேட்டது. தேதியை அடுப்படியிலிருந்து பாலாம்பாள் கத்திச் சொல்ல, இவர் தட்டிவிட்டார். அவள் பெயரில் ஒரு மின்னஞ்சலும் உண்டாக்கினார். அப்படி ஒன்று இருப்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு மெயில்?

ஒரு வெள்ளிக்கிழமை யாசீன் வேலையை விடுவதாகச் சொன்னான். பொத்தேரியில் வேறு வேலை கிடைத்துவிட்டதாம். ஸ்ரீரங்கனுக்குச் சுர்ரென்று ஏறியது. திங்கட்கிழமை காலையில் அவருடைய பெரிய வாடிக்கையாளரான ஒரு பொறியியல் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது. மூன்று வருஷ மார்க்கும் அவர்கள் முன்னால் திரையில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஒப்பந்தம் காலி என்று கல்லூரி முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்த ஒரு கல்லூரியை நம்பித்தான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேர முதலாளியாக உட்காரலாம் என்று ஸ்ரீரங்கன் கோட்டை கட்டியிருந்தார். இந்த நேரத்தில் போகிறேன் என்கிறவன் போகிற போக்கில் எதையாவது கெடுத்துவிட்டுப் போனால்? அன்று சாயங்காலமே யாருக்கும் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினார். யாசீன் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டாக வேண்டும் என்று, குலதெய்வத்தின் பெயரை முன்னுக்குப் பின்னாகப் போட்டு, நடுநடுவே எண்ணைச் செருகி, கோபத்தோடு கோபமாகத் தட்டினார்.

காரியம் பலித்தது. யாசீனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் பார்த்தால் ஸ்ரீரங்கனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தெய்வத்தை முன்னால் போட்டுப் பார்த்தார், பின்னால் போட்டுப் பார்த்தார். எண்ணை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் கதவு ஒரேயடியாகச் சாத்திக்கொண்டது, கணக்கு முடக்கப்பட்டது என்று சிவப்பில் எழுத்து வந்தது. வேறு வழியில்லாமல் யாசீனைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்ட யாசீன் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பையன். புது பாஸ்வேர்டு வாங்குவதற்கான இணைப்பு உரிமையாளர் மின்னஞ்சலுக்குத்தான் போகும் என்றான். அந்த மின்னஞ்சலை மாதக்கணக்கில் யாரும் திறக்காததால் அது மூடப்பட்டிருந்தது. அடுத்து, உரிமையாளரின் பிறந்த தேதியைக் கேட்டது.

ஸ்ரீரங்கன் விழித்தார். ஆபீசில் தனக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பெண்டாட்டி பிறந்த தேதி வரவில்லை. மழைக்காலத்தில் ஏதோ வரும். சர்டிபிகேட்டில் ஒன்று, நிஜத்தில் ஒன்று என்று இரண்டு வேறு உண்டு, அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது எல்லோர் வீட்டிலும் செய்கிற காரியம்தான். இரண்டில் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

கீழே போய்க் கேட்டுவிட்டால் போகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். புதன்கிழமையிலிருந்து பாலாம்பாள் அவரோடு பேசுவதில்லை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை அவளைத் தேடி வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த வேலை, விட்டுவிட்டு வந்த வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் ஆசையோடு சொன்னபோது ஸ்ரீரங்கன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ ஒரு கம்பெனிக்கே எம்.டி. உனக்கு எதுக்கு டீச்சர் வேலை?" என்று சொல்லிச் சிரித்தார். தான் ரொம்ப நயமாகப் பேசிவிட்டதாக அவருக்குத் திருப்தி. அவள் அன்றிலிருந்து தட்டை வைக்கிற சத்தத்தில் மட்டும்தான் பேசினாள்.

அதனால் ஒரு குருட்டு யோசனையில் ஒரு தேதியைப் போட்டார். தப்பு. இன்னொன்று போட்டார். அதுவும் தப்பு. மூன்றாவதற்குப் பிறகு, இனி உரிமையாளரே உதவி மையத்தோடு தொலைபேசியில் பேசினால்தான் உண்டு என்று எழுத்து வந்தது.

உதவி மையம் பெங்களூரில் இருந்தது. பேசிய பெண் மாளவிகா என்று பெயர் சொன்னாள், நல்லவேளை தமிழ் பேசினாள். ஸ்ரீரங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனிக்கு எல்லாமே தான்தான் என்று விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணக்கில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது சார் என்றாள். எங்கேயும் இல்லை என்பதற்காகவே எத்தனை கஷ்டப்பட்டார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நான் கணவர்தானம்மா என்றார். கணவர் என்றெல்லாம் தங்களிடம் ஒரு பிரிவு கிடையாது, உரிமையாளரிடம்தான் பேசுவோம், சாயங்காலம் ஆறு மணிக்குப் பதிவில் இருக்கிற வீட்டு எண்ணுக்குக் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டாள்.

மானத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கன் கீழே இறங்கினார். பாலாம்பாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை, கல்லூரி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நிமிரவில்லை. ஒரு பெண் போன் பண்ணுவாள், எது கேட்டாலும் ஆமாம் என்று சொல்லு, கடைசியில் யாருக்கு அனுமதி என்று கேட்பாள், என் பெயரைச் சொல்லு, அவ்வளவுதான், மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார். அவள் காயை நறுக்கியபடியே தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் ஸ்ரீரங்கனுக்கு உயிர் வந்தது. நல்ல பெண், கோபம் இருந்தாலும் குடும்பம் என்று வந்தால் விட்டுக்கொடுக்காது என்று மாடியில் யாசீனிடம் பெருமையடித்துக்கொண்டார்.

சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். யாசீன் மடிக்கணினியோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நீங்கள்தான் உரிமையாளரா என்று மாளவிகா கேட்டாள். "ஆமாம்" என்றாள் பாலாம்பாள். மூன்று நாள் கழித்து அந்த வீட்டில் அவள் குரல் கேட்டது. பிறந்த தேதியைக் கேட்டதும் தயங்காமல் நிஜமான தேதியைச் சொன்னாள். அடுத்த வாரமே வருகிற தேதி. ஸ்ரீரங்கன் சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல் இருந்துவிட்டார்.

மாளவிகா அடுத்த கேள்விக்கு வந்தாள். இன்றைக்கு யாரோ பல தடவை தப்பு பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்கள், தப்புத் தப்பாகப் பிறந்த தேதியும் கொடுத்திருக்கிறார்கள், யார் என்று தெரியுமா?

"தெரியும். எங்க வீட்டுக்காரர்."

"அவருக்கு அக்கவுண்ட்ல அனுமதி கொடுக்கணுமா மேடம்?"

ஸ்ரீரங்கன் தன் நெஞ்சை இரண்டு விரலால் குத்திக் காட்டினார். தலையை மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினார். பாலாம்பாள் அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை. தலை குனியவில்லை.

"அவருக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கவர்மென்ட் சர்வன்ட்."

யாசீன் சட்டென்று மடிக்கணினியின் சாவிப் பலகையை வெகு அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தான். அப்படியானால் அவர் பெயர் எங்கேயாவது இருந்தால் எடுத்துவிடட்டுமா என்றாள் மாளவிகா.

"அவர் பேரே எங்கேயும் கிடையாதே, எடுக்கறதுக்கு."

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். என்னவென்று சொல்லுவார்? பொய் சொல்கிறாள், கம்பெனி என்னுடையதுதான் என்று கத்தலாம். இந்தப் பேச்சைப் பதிவு செய்கிறோம் என்று மாளவிகா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். கண்காணிப்பாளர் ஒருவர் தன் வாயாலேயே, பதிவாகிற போனில், சொந்தத் தொழில் நடத்துகிறேன் என்று முழங்குவதா? அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

யாசீன் புதிதாக ஒரு மின்னஞ்சல் உண்டாக்கித் தந்தான். இணைப்பு வந்தது. பாலாம்பாள் மடிக்கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீரங்கன் பின்னால் வந்து எட்டிப் பார்த்ததும், பரீட்சையில் பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்தால் பேப்பரைத் திருப்பிக்கொள்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்தாள். தட்டினாள். கதவு திறந்தது. மூன்று வருஷ மார்க்கும் பத்திரமாக அங்கேயே இருந்தது.

"பாஸ்வேர்டு என்ன?" என்றார் ஸ்ரீரங்கன், அதிகாரத்தைக் குரலில் வரவழைத்து.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு."

"பாலா, விளையாடாதே."

"நான் விளையாடலை. நாளைக்கு யாசீன் வந்து காலேஜ் வேலையை முடிச்சுத் தரட்டும், பக்கத்துல உக்காந்து நான் திறந்து தரேன். திங்கட்கிழமையிலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போறேன். அதுக்கப்புறம் எது வேணும்னாலும் ஸ்கூல் விட்டப்புறம்தான்."

ஸ்ரீரங்கன் யாசீனைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பது போல. "ரூல்ஸ் அப்படித்தான் சார்" என்றான் யாசீன். அவனுக்கு என்ன, பொத்தேரிக்குப் போகிறவன்.

கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம் என்றால், கேட்ட மறுநாளே அவருடைய துறைக்குத் தெரிந்துவிடும். அவர் கட்டின மதில், ஒரு செங்கல் பிசகாமல், அவரை வெளியே நிறுத்திவிட்டது. திங்கட்கிழமை ஆய்வுக் குழு முன்னால் மார்க் எல்லாம் கடகடவென்று ஓடியது. முதல்வர் போனில் கூப்பிட்டு, உங்கள் எம்.டி.க்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் என்றார். இவர் சொன்னார்.

புதன்கிழமை கல்லூரியிலிருந்து மறுபடி போன் வந்தது. ஒரு வகுப்பின் மார்க்கில் சின்னத் திருத்தம், இன்றைக்கே வேண்டும், குழு இன்னும் ஊரிலேதான் இருக்கிறது. ஸ்ரீரங்கன் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குரோம்பேட்டைக்கு ரயில் ஏறி, வெயிலில் நடந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஸ்கூட்டரும் குடையுமாகப் பிள்ளைகளுக்குக் காத்திருந்த அம்மாக்களுக்கு நடுவே அவர் மட்டும் டை கட்டியிருந்தார். காவலாளி சவுரிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், எந்தப் புள்ளைக்கு வந்துகீறீங்கோ?"

புருஷன் என்று சொல்லிக்கொள்ள ஸ்ரீரங்கனுக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. பல வருஷப் பழக்கம் வாயில் வந்து நின்றது.

"எங்க எம்.டி.யைப் பாக்கணும். பாலாம்பாள் மேடம்."

"கணக்கு டீச்சரா? மேடம் பிஸியா கீறாங்கோ சார். பெல் அடிக்கட்டும்" என்று சவுரிமுத்து சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினான்.

ஸ்ரீரங்கன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.