பட்டவனைப் படுக்க வைத்தார்கள்

மழை ஓய்ந்து மண் பொதபொதவென்று கிடந்தது. ஆனாலும் மலைமேல் குண்டூர் நாட்டின் அந்த மேட்டு ஊரில் ஒரு காட்டிலும் விதை விழவில்லை. ஊர்ச்சனம் மொத்தமும் கண்ணாயி ஊட்டு வாசலைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அவர்கள் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாமை விதைக்க அங்கே ஒரு முறை உண்டு. வருசத்துக்கு ஓர் ஊடு என்று கை மாறி வரும். அந்த வருசத்துக் கைக்காரர் முதல் பிடியைப் பட்டவன் கல்லின் காலடியில் போட்டுவிட்டு, அதே கையோடு தன் காட்டில் இறங்கித் தூவ வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கூடையைத் தொடலாம். பட்டவன் என்பது எந்தக் காலத்திலோ சண்டையில் செத்துப்போன ஒரு வீரன். அவன் உருவத்தையும் தலைக்கு மேலே நாலு வரி எழுத்தையும் செதுக்கி நட்ட கல்தான் ஊருக்குச் சாமி. இந்த வருசக் கை கண்ணாயியுடையது. சாமிதான் ஊரில் இல்லை.

"ஏன் புள்ளே கண்ணாயி," என்று பக்கத்து ஊட்டுப் பொன்னாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வாயைக் கொடுத்தாள். "உஞ்சாமி விருந்து முடிஞ்சு வருமா, இல்ல அங்கயே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கிட்டு இருந்துக்குமா?"

"எனக்குச் சாமின்னா உனக்கு என்ன, மச்சானா? போய் வேலையப் பாரு."

"வேலையா? நீ ஒரு பிடி போட்டாத்தானே எனக்கு வேலை?"

கண்ணாயி வேலியை விட்டு நகர்ந்தாள். புருசன் போன பிறகு ஒற்றை ஆளாய் அந்தச் சரிவுக் காட்டைக் கொத்திச் சாப்பிடுகிறவள் அவள். இந்த ஈரம் போனால் சாமை போச்சு. அவளுக்கு மட்டுமில்லை, ஊருக்கே வருசம் பூராவும் காட்டுக்கிழங்கு தோண்டுவதுதான் கதி. அந்தப் பழி அவள் கைக்கு.

நடந்தது இதுதான். திண்ணனூர் நாட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களா கட்டி இருந்தார். அவருக்கு எழுத்துப் பைத்தியம். அவருடைய ரைட்டர் அர்த்தனாரி, கீழ்நாட்டு ஆள், மாசி மாசம் வந்து ஊர்க்கவுண்டர் சென்றாயனிடம் சொன்னான்: துரை பல தேசத்து எழுத்தையும் ஒரே கூடத்தில் கூட்டுகிறார். அரபு தேசத்தது வருகிறது, சீனத்தது வருகிறது, பர்மாவிலிருந்து வருகிறது. உங்கள் கல்லையும் அழைக்கிறார். சனம் வந்து பார்க்கும்.

சென்றாயனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு நாட்டுச் சாமி இன்னொரு நாட்டு நோம்பித் திருவிழாவுக்கு விருந்து போவது மலையில் வழக்கம். தேசம் தேசமாய்ச் சாமிகள் வரும் இடத்துக்கு நம் பட்டவனையும் கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா? மூங்கில் சட்டம் கட்டி, கல்லை நின்ற வாக்கிலேயே தூக்கி, தப்பட்டை அடித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்கள். நின்ற வாக்கில்தான் தூக்க வேண்டும். பட்டவனை மல்லாத்தினால் அது பிணம். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

சித்திரை போய் வைகாசியும் பிறந்துவிட்டது. விருந்து போனவன் திரும்பவில்லை.

கண்ணாயி சாமைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சென்றாயன் ஊட்டுக்குப் போனாள்.

"மாமா, கெளம்புங்க. இன்னைக்கு அவனைக் கையோட கூட்டியாரணும்."

"பெரிய எடம் கண்ணு. நாமளாப் போய்க் கேட்டா நல்லாருக்குமா?" கோபம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் வெற்றிலை போடுகிற மனுசன் அவர்.

"காட்டுல ஈரம் உங்க வெத்தலை மெல்லற வரைக்கும் காத்திருக்குமாங்க?"

கிளம்பினார்கள்.

பங்களா வாசலில் டோலிகள் வரிசையாய்க் கிடந்தன. கீழேயிருந்து துரைகளையும் துரைசானிகளையும் தூக்கிக்கொண்டு ஏறிய மலையாட்கள், கொட்டகையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துக்குள் நுழைய அர்த்தனாரி முதலில் விடவில்லை. பிறகு, எதையும் தொடக்கூடாது என்று சொல்லி உள்ளே விட்டான்.

உள்ளே போனதும் கண்ணாயி கோபத்தைக்கூட மறந்தாள். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் அரபு எழுத்து, அவரைக்கொடி பந்தல் ஏறுகிற மாதிரி ஒன்றை ஒன்று பின்னி ஓடியது. எழுதிய நாணல் குச்சியும் பக்கத்திலேயே இருந்தது. சீனத்து எழுத்து ஆள் உயரத் தாளில் தொங்கியது. ஒவ்வொன்றும் சாய்ந்த கூரை போட்ட ஊடு மாதிரி. செவ்வரக்குப் பூசிய தகட்டில் பர்மாக்காரன் எழுத்து, புளியங்கொட்டையை அடுக்கினாற்போல் உருண்டை உருண்டையாய். இறகு தொட்டு எழுதிய இங்கிலீசில் முதல் எழுத்துக்கு மட்டும் பொன் பூசியிருந்தது. இத்தனை கைகள் உட்கார்ந்து எத்தனை பொறுமையாய் எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கடைசி மூலைக்கு வந்தாள்.

அங்கே மர முக்காலிகளின் மேல் பட்டவன் மல்லாந்து கிடந்தான்.

எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இல்லை. மஞ்சள் இல்லை. சோப்புப் போட்டு உரசிக் கழுவி, எழுத்துப் பள்ளங்களில் சுண்ணாம்பைத் தேய்த்திருந்தார்கள். அவன் கையிலிருந்த வில்லின் மேல் யாரோ தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கண்ணாயி தொப்பியை எடுத்துத் தரையில் போட்டாள்.

"ஏனுங்க ரைட்டரே! எங்க சாமியை எதுக்கு மல்லாத்துனீங்க?"

"சத்தம் போடாதே. நிறுத்தி வெச்சா எழுத்து மேல வெளிச்சம் விழலை. படுக்க வெச்சாத்தான் தெரியுது."

"சீனாக்காரன் எழுத்து நிக்குது. இங்கிலீசு எழுத்து நிக்குது. எங்க ஆளு மட்டும் படுக்கணுமா?"

"அதெல்லாம் தாளு. இது கல்லு. சாஞ்சு எவன் கால் மேலயாவது விழுந்தா?"

"அத்தினி காத்துக்கும் மழைக்கும் சாயாதவன் உங்க கூடத்துல சாஞ்சுருவானா? அவன் மேல இருந்த எண்ணெய் எங்க?"

"அழுக்கு. தேய்க்கறதுக்குள்ள எங்க ஆளுகளுக்குக் கை போயிருச்சு."

சத்தம் கேட்டுத் துரையே வந்துவிட்டார். கெட்ட மனுசன் மாதிரித் தெரியவில்லை. கல்லைக் குழந்தையைத் தடவுகிற மாதிரித் தடவி ஏதோ சொன்னார். அர்த்தனாரி தமிழில் சொன்னான்: "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சாச்சாம். கோவன் மகன் சாத்தன், களவு போன மாட்டை மீட்டுக் குடுத்துட்டுச் செத்தானாம். எங்க கூடத்துலயே மூத்த எழுத்து இதுதானாம். மழையில கெடந்தா அழிஞ்சு போயிருமாம். அதனால காட்சி முடிஞ்சதும் பட்டணத்துக்கு அனுப்பறாரு."

சாத்தன். கண்ணாயி அந்தப் பேரை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவனுக்கு ஒரு பேரும், அந்தப் பேருக்கு ஓர் அப்பனும் இருந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்த அந்த நிமிசமே கோபம் இரண்டு மடங்காயிற்று. பேரையும் படித்து, அப்பன் பேரையும் படித்து, செத்த காரணத்தையும் படித்துவிட்டுத்தானே இவனை இப்படிக் கிடத்தியிருக்கிறார்கள்!

"எழுத்து அழிஞ்சா அழியட்டும். நாங்க எழுத்துக்கா பொங்கல் வெக்கறோம்? பட்டணத்துக்கு அனுப்ப இவனை உங்களுக்கு யாரு குடுத்தா?"

"நீங்கதான். தப்பட்டை அடிச்சுக்கிட்டுக் கொண்டாந்து குடுத்தீங்களே!"

"விருந்துக்கு விட்டோம். விருந்துக்கு வந்தவனைப் புடிச்சு வெச்சுக்கறதுக்கு எங்க பக்கம் வேற பேரு. இவன் எவனை வெரட்டிப் போய்ச் செத்தான்னு இப்பத்தானே படிச்சுச் சொன்னீங்க!"

அர்த்தனாரி இதைத் துரைக்குச் சொல்லவில்லை. சென்றாயன் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். கண்ணாயி அதைப் பிடுங்கித் தன் மடியில் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கொட்டகையில் டோலிக்காரர்களுக்கு மூப்பன் கந்தப்பன், கஞ்சிச் சட்டியோடு நிமிர்ந்தான்.

"என்னக்கா, மொகம் இப்படிச் செவந்து கெடக்குது?"

"பட்டவனைப் படுக்க வெச்சிருக்காங்க. மேல தொப்பி. நீங்க கஞ்சி குடிங்க, ராசா. நல்லாக் குடிங்க."

கந்தப்பன் சட்டியைக் கீழே வைத்தான். பிறகு ஒவ்வொரு சட்டியாய்க் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது துரைசானிகள் சுவரோரமாய் ஒதுங்கினார்கள். கண்ணாடிச் சட்டம் ஒன்றில்கூட யார் தோளும் படவில்லை. சீனத்துத் தாள் ஆடாமல் தொங்கியது. கல்லை மட்டும் நிமிர்த்தினார்கள். நிமிர்ந்ததும் சென்றாயன், பங்களாவில் அதுவரை வாயைத் திறக்காதவர், ஓவென்று ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது.

"போலீசைக் கூட்டியாருவேன்!" அர்த்தனாரி வாசலை மறித்தான். "அத்தனை பேருக்கும் வெலங்கு!"

"கூட்டியா," என்றான் கந்தப்பன். "இன்ஸ்பெக்டரு எதுல வருவாரு? டோலியிலதானே? தூக்கறது ஆரு, நீயா? இந்தத் துரைமாரையும் நீயே தூக்கி எறக்கிரு. ஒவ்வொருத்தரும் நல்ல கனம், இப்பவே சொல்லிப்புட்டேன்."

கந்தப்பன் என்ன சொன்னான் என்று துரை கேட்டார். இந்த முறை அர்த்தனாரி ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். துரை வெளியே கிடந்த டோலிகளைப் பார்த்தார், தன் விருந்தாளிகளைப் பார்த்தார், சுண்ணாம்பு எழுத்தை ஒரு தரம் ஏக்கமாய்ப் பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் கல் பழைய குழியில் இறங்கி நின்றது. ஊரே கூடிவிட்டது. கண்ணாயி கூடையோடு வந்தாள். அப்போது பொன்னாயி குறுக்கே வந்தாள்.

"பொறு புள்ளே. மல்லாத்தினாங்கன்னு நீயே சொல்ற. மல்லாத்தின கல்லு செத்த கல்லு. கருமாதி பண்ணிப் புதுக்கல்லு நடாம விதை போட்டா ஊருக்கு ஆகுமா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சென்றாயனும் தலையைச் சொறிந்தார். புதுக்கல் என்றால் நாட்டுச்சனம் மொத்தமும் கூட வேண்டும், நாள் பார்க்க வேண்டும். அதற்குள் ஈரம் ஆவியாகிவிடும். இவ்வளவுக்குப் பிறகுமா! கண்ணாயி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பொன்னாயி முன்னால் போய் நின்றாள்.

"செத்தானாம்! அடியே, இவன் எப்பவோ செத்தவன்டி! மாட்டுக்காகச் செத்ததுக்குத்தானே கல்லு நட்டு வெச்சிருக்குது? செத்தவனைத்தானே இத்தினி நாளும் கும்புட்டோம்? ஒருத்தனை எத்தினி தரம் சாவடிப்பீங்க? அங்க அவனுக படுக்க வெச்சானுக, இங்க நீங்க பாடை கட்டறீங்களா? ஒழுங்கா வழிய விடு!"

பொன்னாயி ஒதுங்கினாள். சென்றாயன் குனிந்து கல்லின் காலடி மண்ணைத் தன் துண்டால் ஒதுக்கிவிட்டார். கண்ணாயி முதல் பிடியைப் போட்டாள். "இந்தாப்பா சாத்தா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காட்டில் இறங்கினாள்.

கோபம் இன்னும் கையில்தான் இருந்தது. சாமை அவள் விரலிலிருந்து சடசடவென்று தெறித்தது.

"ஏன் புள்ளே, வெதைக்கறயா எறியறயா?" மேட்டிலிருந்து பொன்னாயி கத்தினாள்.

"உன் காட்டுக்குப் போய் உன் கூடையை எடுடி! இருட்டிரும்!"

பொன்னாயி ஓடினாள்.