உறை ஊற்றும்போது கத்த வேண்டும்

1

இந்தக் கதை ஓர் அலறலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன அக்டோபரில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். மேட்டு வீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் அலறியது. பக்கத்து வீட்டு தூர்லைவ் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான் என்று நினைத்து, கையில் கத்தியோடு மேடேறி ஓடினேன். அவன் கொட்டகையில், ஆவி பறக்கும் ஓர் அண்டா முன்னால் நின்று ஜாம் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் சாகல. பீருக்கு உறை ஊத்தினேன். ஊத்தறப்ப கத்தினாத்தான் ஜோரா பொங்கும். முதல்ல அந்தக் கத்தியக் கீழ வை."

நார்வேயில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் இது எனக்குத் தெரியாது. நாம் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல இவர்கள் பீருக்கு ஊற்றுகிறார்கள், அதுவும் தொண்டை கிழிய. இதை விட்டால் வேறு கதை கிடைக்குமா? அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

[தூர்லைவின் குரல் பள்ளத்தாக்கையே பிளந்துகொண்டு— வேண்டாம். பள்ளத்தாக்கு அப்படியேதான் இருந்தது.]

2

கத்தத் தெரிந்தவனை வைத்துக் கதை பண்ண முடியாது. கத்தத் தெரியாத ஒருத்தி வேண்டும். ஆகவே ஓஸ்னேயைக் கற்பனை செய்தேன். ஐம்பதைத் தாண்டியவள், பெர்கன் நகரத்திலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். தூர்லைவ் வீட்டுக்குச் சற்றுக் கீழே வீடு வாங்கி மூன்று குளிர்காலம் ஆகிறது. எல்லோரும் கையசைப்பார்கள், வாசலில் நின்று பனியைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர் ஒருவர் இல்லை.

பெர்கனில் இருக்கும் தங்கையிடம் போனில் சொல்லிவிட்டாள்: "கிறிஸ்துமஸுக்குள்ள ஒரே ஒரு ஆளாவது என் மேஜைல வந்து உக்காரலன்னா, வீட்ட வித்துட்டு அங்கயே வந்துடறேன்."

முதல் வரைவில் அவளை ஆப்பிள் சைடர் செய்ய விட்டேன். கொல்லையில் மரம் இருந்தது. பழத்தை நசுக்கினாள், பிழிந்தாள், சாற்றைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூடினாள். பழத்தின் தோலிலேயே உறை இருக்கிறது. அது தானாக நுரைத்தது, தானாக அடங்கியது. நல்ல சைடர். தனியாக உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்தாள். அத்தோடு கதை படுத்துவிட்டது.

யோசித்துப் பார்த்ததில் குற்றம் ஓஸ்னேயுடையது இல்லை. சைடரை ஒருத்தியே செய்துவிடலாம். இந்தப் பக்கத்துப் பீருக்குப் பக்கத்து வீடு வேண்டும்; உறை அங்கேதான் கிடைக்கும். சைடரை நிலவறைக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.*

* வீணாகவில்லை. மிச்சத்தை நான் குடித்துக்கொண்டுதான் எழுதினேன்.

3

அடுத்த காட்சியில் வரும் தூர்லைவும் அவன் மனைவி குன்வோரும் நிஜ மனிதர்கள். பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். தன்னை ஒல்லியாக எழுத வேண்டும் என்பது மட்டும் குன்வோரின் நிபந்தனை.

ஒல்லியான குன்வோர் கதவைத் திறந்தாள். படியில் ஓஸ்னே நின்றிருந்தாள்.

"உறையா? இதுக்கா இவ்ளோ தயங்கறீங்க? உங்க பஸ்ஸு எங்க ஆட்ட அடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்."

"கடையில வாங்கலாம்னுதான் பாத்தேன்..."

"கடையில வாங்கினா கடைக்காரன்தான் குடிக்க வரணும்." உள்ளே போய் ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தாள். அடியில் கெட்டியாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ இருந்தது. "ஆற விடுங்க. பச்சக் குழந்தையக் குளிப்பாட்டற சூடு வந்ததும் ஊத்துங்க. ஊத்தும்போது கத்தணும்."

"என்னன்னு?"

"எதுவானாலும் சரி. இவன் எங்கம்மா பேரச் சொல்லித்தான் கத்துவான்."

"அப்பத்தான் கோவம் வரும்," என்றான் உள்ளேயிருந்து தூர்லைவ். "பீரும் காட்டமா இருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஓஸ்னே வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள். பட்டணத்துக்காரியை அலற வைத்து வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

4

வாசனைக்கு ஜூனிபர் புதரின் கிளைகளைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறப்போட்டாள். வடித்தாள், காய்ச்சினாள், ஆறவிட்டாள். வீடெல்லாம் ரொட்டி வாசம். முழங்கையை விட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. பாட்டிலைத் திறந்துகொண்டு அண்டா முன்னால் நின்றாள்.

இங்கே அவள் கத்துவதாகத்தான் திட்டம். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். படித்தால் பொய்யாக இருந்தது. மூன்று வருடம் இங்கே பஸ் ஓட்டியும் ஆடுகள் சாலையை மறித்தால்கூட ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறவள், அடுப்படியில் நின்று அலறுவாளா?

[ஓஸ்னே அடிவயிற்றிலிருந்து— மாட்டாள்.]

சன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். "ஏய்" என்று அண்டாவிடம் மட்டும் சொன்னாள். ஊற்றினாள்.

உறை அதைப் பொருட்படுத்தவில்லை. பிரமாதமாகப் பொங்கியது. நுரை அடங்கிப் பீரை வடிக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் தாங்களே ருசி பார்க்க வருவார்கள், கூப்பிடுவது வழக்கமில்லை. ஓஸ்னே அதைப் பஸ்ஸில் பிள்ளைகள் பேசக் கேட்டிருந்தாள். மேஜையைத் துடைத்துக் குவளைகள் வைத்தாள். உப்பிட்ட ஆட்டிறைச்சியைச் சீவி வைத்தாள். மேட்டு வீட்டில் விளக்கு எரிந்தது. யாரும் இறங்கி வரவில்லை.

தங்கைக்குப் போன் போட்டாள். "மேல் ரூமக் காலி பண்ணி வை," என்றாள்.

5

எழுதியவனுக்கே அழுகை வந்தது. இவளை இப்படி விட மனம் வரவில்லை, வழியும் தெரியவில்லை. புட்டிகள் வெடிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். தங்கை மனசு மாறி இங்கே வருவதாக இன்னொன்று. இரண்டும் அடுப்புக்குப் போயின. கடைசியில் மேடேறி, நிஜக் குன்வோரிடம் கதையைச் சொன்னேன்.

அவள் பின்னிக்கொண்டிருந்த காலுறையைக் கீழே வைத்தாள். "யாரும் ஏன் வரலன்னு உனக்கு நெஜமாவே தெரியலையா?"

"தெரியல."

"கத்தலையேப்பா அவ. எப்ப ஊத்தினான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கத்தல் கேட்டாத்தானே நாள் எண்ணிக்கிட்டு வருவோம்."

"பீர் பொங்கறதுக்குன்னுல்ல தூர்லைவ் சொன்னான்?"

"அவன் கெடக்கறான். நீ எழுது. எங்க உறை கெட்டுப்போச்சுன்னு எழுது. ஒரு வருஷம் நெஜமாவே புளிச்சுப்போச்சு. நாங்க உறை குடுத்த வீட்டுலதான் திருப்பி வாங்கினோம்."

சொன்னபடியே எழுதினேன்.

டிசம்பர் பிறந்ததும் தூர்லைவ் காலி பாட்டிலோடு ஓஸ்னே வீட்டுப் படியில் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"எங்க உறை புளிச்சுப்போச்சு. கிறிஸ்துமஸ் பீருக்கு ஒண்ணுமில்ல. உங்ககிட்ட மிச்சம் இருக்குமா?"

அண்டா அடியில் தங்கியதை அவள் எடுத்து வைத்திருந்தாள். பாதியை அவன் பாட்டிலில் ஊற்றினாள்.

"அப்ப காய்ச்சினீங்களா?" என்றான். "சத்தமே கேக்கலையே. குன்வோர் தெனமும் காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்தா. கடைசில, இவங்களுக்கு நம்ம உறை பிடிக்கல போலன்னு சொல்லிட்டா."

"நீங்க கேலி பண்றீங்கன்னு நெனச்சேன்."

"கேலிதான். அதுக்காகக் கத்தாம இருப்பாங்களா?" அவன் பார்வை மேஜைக்குப் போனது. குவளைகள் அப்படியே இருந்தன. அவன் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "மறுபடி காய்ச்சுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

6

இப்போது ஓஸ்னே அண்டா முன்னால் நிற்கிறாள். சூடு பதமாக இருக்கிறது. பாட்டில் கையில். சன்னலை அகலத் திறந்துவிட்டாள். குளிர் உள்ளே வருகிறது.

இந்த இடத்தில் கத்தலை எழுதிப் பார்த்தேன். [ஏஏஏய்— இல்லை. ஓஓஓ— இது மாடு.] தாளில் எந்த எழுத்தும் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. மேட்டு வீடு வரைக்கும் போக வேண்டும். பெர்கனில் தங்கை இன்னும் மேல் அறையைக் காலி செய்யவில்லை. போனில் அதை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்தால் கொஞ்சம் சிரமம்தான். வீட்டில் இருந்தால் சன்னலைத் திறங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று ஓடிவந்தால், கையில் கத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

மேலே, இந்தக் குளிரிலும் குன்வோர் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். ஓஸ்னே பாட்டிலைச் சாய்த்துவிட்டாள், வாயைத் திறந்துவிட்டாள்.

ம், கத்துங்கள்.