நாலாம் அறையின் ஜோடி

தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் தபாலம்மா. ஏரியும் மலையும் காட்டுகிறோம் என்று முதியவர்களை அழைத்துப் போன அந்தப் பத்து நாள் பயணத்தில், அவளுக்குப் பார்க்கப் பிடிக்காத காட்சி ஒன்றே ஒன்றுதான். அது சம்பந்தியின் முகம்.

சம்பந்தி, அதாவது மகனின் மாமியார், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். பார்க்கிறவர்களையெல்லாம் நோயாளியாக நினைக்கிற ரகம். முதல் நாளே, "உங்க கால் வீங்கியிருக்கே, உப்பக் குறைங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இந்த இருவரையும் ஒரே அறையில் போட்டது தபாலம்மாவின் மகன். அவன் வாங்கிய புது வீட்டில் பெரியவர்களுக்கென்று ஒரே அறைதான். "பத்து நாள் சேர்ந்து இருந்து பாருங்கம்மா. ஒத்துவந்தா ரெண்டு பேரும் எங்களோட. இல்லேன்னா, யாரால ஒத்துவரலையோ அவங்களுக்கு வேற இடம் பாத்துக்கலாம்" என்று நயமாகச் சொல்லியிருந்தான். வேறு இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தின் வண்ண வண்ணக் காகிதம் அவன் மேஜையில் கிடந்தது. அவள் இருந்த வாடகை வீட்டையும் காலி செய்தாகிவிட்டது.

ஆகவே நர்ஸம்மாவோடு மனுஷி குடியிருக்க முடியாது என்று நிரூபித்தே ஆக வேண்டும். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறாள், ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிரில் கொல்கிறாள், ஓயாமல் தொண்டையைக் கனைக்கிறாள் என்று மகனிடம் வத்திவைக்க எல்லாம் தயாராக இருந்தது.

குழுவுக்குத் தலைவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். இருபத்தாறு பேரை எண்ணி முடிப்பதற்குள் நாலு பேர் பாத்ரூமுக்குப் போய்விடுவதால், தலையை எண்ணுவதையே அவர் விட்டுவிட்டார். பஸ் கிளம்பும்போது அறை நம்பரைச் சொல்லிக் கத்துவார். அந்த அறைக்காரர் திரும்பிப் பார்த்து, தன் ஜோடி ஏறியாயிற்று என்று சொல்ல வேண்டும். தபாலம்மா முதல் வரிசை, நர்ஸம்மா கடைசி வரிசை. ஆறு நாளும் தபாலம்மா திரும்பாமலே பதில் சொன்னாள். அந்த மூஞ்சியைப் பார்ப்பதற்குப் பொய் சொல்வது மேல்.

ஏழாம் நாள், ஏரியில் படகுச் சவாரி முடிந்து மலை உச்சிக்குக் கிளம்பினார்கள்.

"நாலாம் நம்பர், ஜோடி இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க. எங்க போயிடப் போறாங்க?"

பின்னாலிருந்து கனைப்பு கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது, சுகமாகவும் இருந்தது. தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

பாதி மலை ஏறிய பிறகு பின்னால் யாரோ பிஸ்கட் நீட்ட, வாங்க ஆளில்லை. நர்ஸம்மாவின் கைப்பையும் அதற்குள் போனும் மட்டும் சீட்டில் கிடந்தன. உச்சிக்குப் போகாமல் வண்டியைத் திருப்ப இடமில்லை என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். உச்சியை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. போய்த் திரும்பிக் கீழே இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"திரும்பிப் பாத்தீங்களா இல்லையா?" என்றார் டிரில் மாஸ்டர்.

தபாலம்மா தன் பைக்குள் எதையோ தேடினாள்.

"நல்ல சம்பந்திம்மா நீங்க!" என்றாள் பின்சீட்டுக்காரி.

தபாலம்மாவின் பயம் நாலு பங்கு. அங்கே தனியாக நர்ஸம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் ஒரு பங்கு. மகனுக்குத் தெரிந்தால் தன் கதி என்ன என்ற பயம் மூன்று பங்கு. யாரால் ஒத்துவரவில்லை என்று சொல்ல இப்போது ஒரு பஸ் நிறையச் சாட்சி இருந்தது.

படகுத்துறையில் டிக்கெட் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். அதன் படியில் நர்ஸம்மா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சாம்பல் நிறச் சால்வை, மடித்தபடியே. தபாலம்மா தன் தோளைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் தன் சால்வை அங்கே இல்லையென்று தெரிந்தது.

நர்ஸம்மா பஸ்ஸில் ஏறி அதை அவள் மடியில் போட்டாள். "படகுல விட்டுட்டீங்க. எடுக்கத்தான் திரும்பிப் போனேன். நீங்க மறந்தது சால்வைய மட்டுந்தான்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. பாழாய்ப்போன வீம்பு அதை விடவில்லை.

அறைக்கு வந்ததும் நர்ஸம்மாவின் போனில் மகன் அழைத்தான். அவள் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன அத்தை, ஒத்துப்போகுதா?"

தபாலம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை! உங்கம்மா என்னை ஒரு நிமிஷம் கண்ண விட்டு அகல விடுறதில்ல. ரெண்டு பேரும் தாராளமா வந்துடுறோம்."

போனை வைத்ததும் நர்ஸம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

"ஏன் சொல்லல?" ஏழு நாளில் தபாலம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"சொன்னா இன்னிக்கே தீந்துடும். சொல்லாம வச்சிருந்தா காலத்துக்கும் எனக்கு உதவும். ஜன்னல் பக்கத்துக் கட்டில் என்னோடது. இங்கயும், புது வீட்லயும்."

ஈரத் துண்டு தபாலம்மாவின் கட்டிலில் வந்து விழுந்தது. ஜன்னல் அகலமாகத் திறந்தது. தபாலம்மா துண்டை எடுத்து நாற்காலியில் விரித்துப் போட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில், "நாலாம் நம்பர்?" என்று கத்தினார் டிரில் மாஸ்டர்.

தபாலம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முழுசாகத் திரும்பினாள். கடைசி வரிசையில் நர்ஸம்மா நிதானமாகத் தொண்டையைக் கனைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காங்க" என்றாள் தபாலம்மா. இனி சாகிறவரை இருப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.