புதுப் படகைக் கேட்டவள்

முக்காலியில் ஏறி நின்று பரீனா விறாந்தைக் கதவுக்கு வெள்ளைச் சீலையைத் திரையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நானா என்று அழைக்கும் அண்ணன் ஸைனுலாப்தீன் அன்று விடியக்காலைதான் இறந்துபோனார். நானாவின் ஜனாஸாவை ஆண்கள் அடக்குவதற்கு மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குள் மதினி விதவைக்குரிய இத்தாவில் உட்கார்ந்தாயிற்று. இனி நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் அவள் படக்கூடாது. அழுதுகொண்டே என்றாலும் திரையை யாராவது கட்டத்தானே வேண்டும்.

மதினி ஸல்ஹா உள்ளே கட்டில் விளிம்பில் இருந்தாள். அவளுக்கு இப்போது கணவரின் முகம் நினைவில் நிற்கவில்லை, உள்ளங்கைகள்தான் நின்றன. விடியச் சுபஹு தொழுதுவிட்டு, "நெஞ்சு பாரமா இருக்கு புள்ள" என்று சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லை. கையை நேராக்கி வைக்கும்போதுதான் கண்டாள். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே சிவந்த கோடுகள், ஓரிடத்தில் தோலும் உரிந்திருந்தது. முப்பத்தொரு வருஷம் துறைமுக இழுவைப் படகில் வேலை செய்த கைதான். ஆனால் ஓய்வுபெற்ற இரண்டு வருஷத்தில் கணக்கப்பிள்ளையின் கை மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. நேற்றுக் காலை அந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் படகிலிருந்து இறங்கினாள். அப்போது காயம் ஏதும் இல்லை. குளிப்பாட்டியவர்களிடம் கேட்கலாமென்றால், மையித்தின் உடம்பில் கண்டதை அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள்.

இரண்டு பேருமாக நேற்றுப் படகு பார்க்கப் போனார்கள். வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றி அவர் கடலில் ஓட்டுவார், இவள் சோறு கறி ஆக்குவாள். வெகுநாளாகப் போட்ட திட்டம் அது. உட்துறைமுகத்தில் இரண்டு பாய்மரப் படகுகள் விலைக்கு நின்றன. ஒன்று நாற்பது வயதான தேக்கு, மற்றது ஆறே வயதான ஃபைபர். பழையதில் கால் வைத்ததுமே மனிதர் குமரனாகிவிட்டார். பலகையைத் தட்டினார், தடவினார், குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோற்றான்.

"பாரு ஸல்ஹா, நல்ல பாரம். அலையில ஒரு பொட்டு அசையாது. மத்தது சும்மா துள்ளும்."

அவள் பார்த்தது கயிற்றை. அவளுடைய மணிக்கட்டுப் பருமன் இருந்தது. அதை இழுத்துத்தான் பாய் ஏற்ற வேண்டும். நெஞ்சு நோவுக்கு அவர் நாக்கின் கீழ் குளிசை வைக்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. புதியதிலோ ஒரு பொத்தானை அமத்தினால் பாய் தானே ஏறிற்று. ஆனால் இந்த நெஞ்சு வருத்தத்தைப் பற்றி வாய் திறந்தால் மனிதர் இரண்டு நாளைக்கு முகம் கொடுக்கமாட்டார். ஆகவே பொய் சொன்னாள்.

"எனக்குப் புதுசுதான் புடிச்சிருக்கு. குசினி எவ்வளவு வடிவு பாருங்க. பழசுல ஒரே புழுங்கல் மணம். அதுக்குள்ள நிண்டு நான் சமைக்கமாட்டன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம். ஒனக்குப் புடிச்சாச் சரி" என்றார். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை.

கேவலம் ஒரு குசினிக்காகத் தன் ஆசையில் மண் போட்டவள் என்று நினைத்துக்கொண்டே மனிதர் மௌத்தாகிவிட்டார். அதைத்தான் ஸல்ஹாவால் தாங்கமுடியவில்லை.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பரீனா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"படகு வித்துக் குடுக்கிற கனகரத்தினம் அண்ணன், மதினி. மையவாடியால நேரா வாறாராம். ஒங்களோட கதைக்கணுமாம். இண்டைக்குக் கதைக்கிற கதையா இது? போகச் சொல்லட்டா?"

"இருக்கச் சொல்லு."

திரைக்கு அப்பால் கதிரை இழுபட்டது. கனகரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, நான் வியாபாரம் கதைக்க வரேல்ல. ஒண்டு சொல்லோணும். சொல்லாம வீட்டை போக ஏலாது."

"சொல்லுங்க அண்ணன்."

"நேற்றுப் பின்னேரம் நானா என்னட்டை வந்தவர். புதுசையே எடுப்பம் எண்டார். 'மனுசிக்குக் குசினியில ஒரு ஆசையும் இல்லை, கனகு. என்ர நெஞ்சை நினைச்சுத்தான் பொய் சொல்லுறா. எனக்கு விளங்கினது அவவுக்குத் தெரியவேண்டாம்' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

ஸல்ஹா முக்காட்டுச் சீலையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"போகக்குள்ள, பழசில ஒருக்கா ஏறிப் பாக்கட்டோ எண்டார். ஏறினவர் கயிறைப் பிடிச்சு இழுக்கத் துவங்கிட்டார். நானும் பிடிக்கிறன் எண்டன், விடேல்லை. அவற்ற வருத்தம் எனக்குத் தெரியும், தங்கச்சி. அந்தச் சந்தோசத்தைப் பாத்தபிறகு மறிக்க மனம் வரேல்லை. நான் மறிச்சிருக்கோணும்."

"தெரிஞ்சு தெரிஞ்சா விட்டீங்க?" என்று பரீனா சீறினாள்.

ஸல்ஹாவுக்கும் ஆத்திரம் வந்தது. எந்தக் கயிற்றுக்குப் பயந்து பொய் சொன்னாளோ அதே கயிற்றைத்தான் மனிதர் தேடிப் போய்ப் பிடித்திருக்கிறார். நேரே இருந்திருந்தால் இரண்டு பேரையும் பிடி பிடியென்று பிடித்திருப்பாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள்.

"பாய் முழுக்க ஏறினதா அண்ணன்?"

கனகரத்தினம் அதை எதிர்பார்த்து வரவில்லை.

"ஏறினது தங்கச்சி. உச்சி மட்டும் ஏறினது."

"காத்து?"

"நல்ல காத்து. படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நிண்டது. நானா மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாந்து பாத்தபடி இருந்தவர். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்டாப்பிறகுதான் இறக்க விட்டவர்."

பரீனா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாட்டுச் சட்டிகளோடு வந்த இரண்டு பெண்கள், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றார்கள்.

"நான் வாறன் தங்கச்சி" என்று கனகரத்தினம் எழுந்தார்.

"இருங்க அண்ணன்." ஸல்ஹா கட்டிலைவிட்டு எழுந்து வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "அவர் படகில ஏறினதில இருந்து இன்னொருக்காச் சொல்லுங்க. ஆறுதலாச் சொல்லுங்க."

கதிரை மறுபடியும் இழுபட்டது. கனகரத்தினம் முதலிலிருந்து தொடங்கினார்.